உப்புப் பார்த்த கை

தப்பாக நினைக்காதீர்கள், கேட்கிறேன். அந்தப் பையில் தேங்காய் தெரிகிறது, பூப்பந்து ஈரத்துணியில் சுற்றியிருக்கிறது, உங்கள் வீட்டுக்காரர் வண்டி ஏறியதிலிருந்து போனில் "பொருத்தமெல்லாம் பிரமாதம்" என்று பெட்டி முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறார். பையனுக்குப் பெண் பார்க்கத்தானே சென்னைக்கு? நினைத்தேன். இந்த மாதிரி விஷயத்தில் எனக்கு மூக்கு வியர்த்துவிடும்.

ஒன்றே ஒன்று சொல்கிறேன். பெண் வீட்டில் கை நனைத்துவிடாதீர்கள்.

சிரிக்கிறீர்கள். உங்கள் பக்கமும் உண்டல்லவா? விருதுநகர் என்றால் கட்டாயம் உண்டு. பேச்சு முடிகிற வரைக்கும் பெண் வீட்டுச் சாப்பாட்டில் கை வைக்கக் கூடாது. வைத்தால் சம்மதம் என்று அர்த்தம். காபி விஷயத்தில்தான் கட்சிக்குக் கட்சி வித்தியாசம். என் மாமியார் தண்ணீர் மட்டும் குடிக்கலாம் என்பார். எங்கள் அம்மா வீட்டில் காபி குடிக்கலாம், டம்ளரைக் காலி செய்யக் கூடாது. ஆனால் சாப்பாடு என்று வந்தால் தூத்துக்குடியில் யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள், ஒரே சட்டம்தான்.

அந்தச் சட்டத்தை உலகத்திலேயே அதிகக் கஷ்டப்பட்டுக் காப்பாற்றியவள் நான். போர்ச்சுகல் வரைக்கும் தூக்கிக்கொண்டு போய்க் காப்பாற்றினேன். லிஸ்பன் என்று ஒரு ஊர். ஊரா அது? மாடிப்படியை அடுக்கி வைத்து அதற்கு ஊர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

என் மகன் முகிலன் அங்கேதான் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். ஒரே பையன். இங்கே நான் அவனுக்குப் பெண் தயாராக வைத்திருந்தேன். எங்கள் அண்ணனுடைய மைத்துனர் மகள், பல் டாக்டர், கோயில்பட்டியில் சொந்த கிளினிக். சிரித்தால் பல் தெரியாது, அவ்வளவு அடக்கம். பேச்சு பாதி முடிந்த மாதிரிதான். அப்போதுதான் இவன் போன் பண்ணுகிறான், "அம்மா, மார்த்தானு ஒரு பொண்ணு. ஒரு தடவை வந்து பாரும்மா" என்று.

மார்த்தா என்ன வேலை பார்க்கிறாள் தெரியுமா? சின்னப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கிறாளாம். அதற்கு ஒரு டீச்சர்! எங்கள் ஊரில் கடலில் தூக்கிப் போட்டால் தன்னால் வருகிறது.

நான் கோபப்படவில்லை. எனக்குக் கோபமே வராது, வேண்டுமானால் என் வீட்டுக்காரரைக் கேட்டுப் பாருங்கள், அவரும் வராது என்றுதான் சொல்வார், நான் பக்கத்தில் இருந்தால். பொறுமையாகப் பேசினேன். "வந்து பார்க்கேன். அந்தப் பிள்ளை வீட்டுல நான் கை நனைச்சா, சரி. நனைக்கலைன்னா, இல்ல. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசக் கூடாது. அழக் கூடாது. அப்பாவைத் தூது விடக் கூடாது."

அப்புறம் சொன்னான், "சரிம்மா. நீ நனைக்கலைன்னா நான் விட்டுடுதேன்."

நல்ல பிள்ளை. அப்படி வளர்த்திருக்கிறேன். அங்கே போகிறேன், பெண்ணைப் பார்க்கிறேன், மரியாதையாகச் சாப்பிடாமல் எழுந்திருக்கிறேன், ஊருக்கு வருகிறேன். சண்டை இல்லை, சச்சரவு இல்லை. திட்டத்தில் ஓட்டை எங்கே இருக்கிறது சொல்லுங்கள்?

ஓட்டை என் வீட்டுக்காரர். தவமணி என்று பெயர், துறைமுக ஆபீஸில் இருந்து ரிடையர் ஆனவர். ஊர் உலகத்துக் கப்பலுக்கெல்லாம் சரக்கு ஏற்றி அனுப்பியவருக்கு ஒரு பெட்டியில் எதை வைப்பது என்று தெரியவில்லை. வழிக்கென்று நான் புளியோதரை கட்டி வைத்திருந்தேன், வாழை இலையில், தொட்டுக்கொள்ள வறுத்த கருவாடு தனியாக. கையில் வைத்துக்கொள்ளுங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். மனுஷன் அதைப் பெரிய பெட்டியில் வைத்துப் பூட்டி, விமானத்தின் வயிற்றுக்குள் அனுப்பிவிட்டார். "பத்திரமா இருக்கும்லா" என்கிறார். பத்திரமாகத்தான் இருந்தது. எங்களோடு இல்லை, அவ்வளவுதான்.

சென்னையில் ஏறியதும் கண் அசந்துவிட்டேன். எழுந்தால் தட்டெல்லாம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். "ஏங்க, எனக்கு?" என்றால், "தூங்குறவளை எழுப்பினா நீ என்ன சொல்லுவேன்னு எனக்குத் தெரியாதா? வீணாப் போகக் கூடாதுன்னு நானே சாப்பிட்டுட்டேன்" என்கிறார். இரண்டு பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு ஏப்பம் வேறு.

துபாயில் காத்திருந்தோம், காத்திருந்தோம், அப்படிக் காத்திருந்தோம். இருக்கிற கடையில் எல்லாம் தங்கம் விற்கிறான், இட்லி விற்கிறவன் ஒருத்தன் இல்லை. அடுத்த விமானத்தில் ஒரு பெண் வந்து தட்டை நீட்டினாள். மூடியைத் திறந்தேன். மஞ்சளாக ஏதோ ஒன்று, பிறந்ததிலிருந்து கவலையிலேயே இருந்த மாதிரி. இது என்ன என்று கேட்டேன். அவள் சொன்ன இங்கிலீஷில் வினைச்சொல்லே இல்லை. எங்கள் கான்வென்டில் ஆக்னஸ் சிஸ்டர் இருந்திருந்தால் பெஞ்ச் மேல் ஏற்றியிருப்பார். நான் ஒரு முழு வாக்கியமாக அதைத் திருத்திச் சொன்னேன். தட்டோடு போனவள் போனவள்தான், லிஸ்பன் வரைக்கும் எங்கள் வரிசைப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

லிஸ்பனில் இறங்கினால் பெட்டி வரவில்லை. புளியோதரை வேறு எந்த நாட்டையோ சுற்றிப் பார்க்கப் போய்விட்டது. மாற்றுப்புடவை இல்லை, சோப்பு இல்லை, சீப்பு இல்லை. வெளியே முகிலன் நிற்கிறான், இளைத்துப்போய், தாடியோடு. கட்டிப் பிடித்த கையோடு சொல்கிறான், "பிளேன் லேட்டு. அவங்க மதியத்துல இருந்து காத்துட்டு இருக்காங்க. நேரா மார்த்தா வீட்டுக்குப் போயிடலாமா?"

"குளிக்காமலா?"

"முகம் கழுவிக்கோம்மா."

உலகத்திலேயே குளிக்காமல் பெண் பார்க்கப் போன முதல் மாமியார் நான்தான். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கார் ஒரு எல்லைக்கு மேல் போகாதாம். அப்புறம் படி. தெருவே படி. ஒரு வளைவு திரும்பினால் முடிந்துவிடும் என்று நினைத்தால் அங்கே இன்னும் கொஞ்சம் படி வைத்திருக்கிறார்கள். ஜன்னலுக்கு ஜன்னல் துணி காயப்போட்டிருக்கிறது, உள்பாவாடை உட்பட. என் வீட்டுக்காரர் ஏதோ கண்காட்சி பார்க்கிற மாதிரி அண்ணாந்து பார்த்துக்கொண்டே வருகிறார். "செம்பகம், நம்ம ஊரு மாதிரியே இருக்குல்லா?" மூச்சு வாங்கியதில் நான் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த மனுஷன் அந்த ஊரில் நிம்மதியாக இருந்திருக்க முடியாது.

அப்போது வந்தது வாசம்.

நீங்கள் மீன் சாப்பிடுவீர்கள்தானே? நல்லவேளை. சாளை மீனைக் கரியில் சுட்டால் ஒரு வாசம் வருமே. தெருவிலேயே ஒரு கரியடுப்பை வைத்து ஒரு பெரியவர் விசிறிக்கொண்டிருக்கிறார். மீனில் இருந்து நெய் கங்கில் சொட்டுகிறது, சொய்ங் என்கிறது. அவர்தான் மார்த்தாவின் அப்பா, ஷோர்ஜ். டிராம் ஓட்டியவராம். கரிக்கையை வேட்டியில் துடைக்கிற மாதிரி பேண்டில் துடைத்துவிட்டு என் வீட்டுக்காரரைக் கட்டிக்கொண்டார். என் வீட்டுக்காரர் அவர் தோளுக்கு மேலே மீனையே பார்க்கிறார். பக்கத்தில் போய் மெல்லச் சொன்னேன், "ஞாபகம் இருக்கட்டும்."

"எனக்குமா? நீதான நனைக்கக் கூடாது?"

"ரெண்டு பேரும்தான்."

"வாசம் பிடிக்கலாமாட்டி?"

வாசலிலேயே நின்றாள் மார்த்தா. ஒல்லி, உயரம், வெட்டிவிட்ட முடி. கையைக் கூப்பி, "வாங்க அத்தை, வாங்க மாமா" என்றாள். இவன் சொல்லிக்கொடுத்திருக்கிறான். கல்யாணம் நடப்பதற்கு முன்னாலேயே அத்தையா? சிரித்தாள். எல்லாப் பல்லும் தெரிந்தது.

அவள் அம்மா பெயர் லூர்தெஸ். எங்கள் ஊரில் தெருவுக்கு ஒரு லூர்து இருக்கிறாள், அந்தப் பெயர்தான். பார்க்கவும் அப்படித்தான், குள்ளமாக, கணுக்கை தெரிய ஸ்வெட்டரை மடித்துவிட்டுக்கொண்டு. ஒரு வார்த்தை இங்கிலீஷ் கிடையாது. அதைப் பற்றிக் கவலையும் கிடையாது. அவள் பாஷையில் என்னிடம் விடாமல் பேசுகிறாள், நான் புரியாமல் நின்றால் அதையே இன்னும் சத்தமாகச் சொல்கிறாள். குளிக்காத என்னை இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்து இழுத்துக்கொண்டு போய் மேஜையில் உட்கார வைத்துவிட்டாள்.

அந்த மேஜையைச் சொல்லவா? வேண்டாம், இன்னும் உங்கள் டிபன் வரவில்லை. ரொட்டி, ஒலிவக்காய், கீரையை நூலாக நறுக்கிப் போட்ட சூப், சுட்ட சாளை, தக்காளியும் மீனும் போட்டுக் குழம்போடு வேக வைத்த சோறு. சோறு! அந்த ஊரிலும் சோறு இருக்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? கோழி முட்டை மஞ்சளில் செய்த பலகாரம் ஒரு தட்டு, தனியாக.

லூர்தெஸ் என் தட்டில் போட வந்தாள். "நோ, தேங்க் யூ" என்றேன், இடது கையை மடியில் வைத்து, முதுகை நேராக வைத்து. மறுக்கும்போதும் மரியாதையாக மறுக்க வேண்டும் என்பது ஆக்னஸ் சிஸ்டர் பாடம். அவள் "கோமா, கோமா" என்கிறாள். சாப்பிடு என்று அர்த்தமாம். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு வேறென்ன சொல்வாள்? எனக்கும் பசியில் கோமாதான் வருகிற மாதிரி இருந்தது. சூப் வந்தது, நோ தேங்க் யூ. மீன் வந்தது, நோ தேங்க் யூ. என் வீட்டுக்காரர் ஒலிவக்காய்ப் பக்கம் கையை நகர்த்தினார். மேஜைக்கு அடியில் காலை மிதித்தேன். ஷோர்ஜ் "ஆ" என்றார். தப்பான கால்.

கொஞ்ச நேரத்தில் எல்லாரும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்கள். விருந்தாளி சாப்பிடாமல் அவர்கள் எப்படிச் சாப்பிடுவார்கள்? முகிலன் தலையைக் குனிந்துகொண்டு மேஜை விரிப்பில் இருந்த கோட்டை விரலால் இழுத்துக்கொண்டிருந்தான். பத்தாம் வகுப்பில் கணக்கில் குறைந்தபோது அப்படித்தான் உட்கார்ந்திருப்பான். ஒரு வார்த்தை பேசவில்லை. வாக்கு கொடுத்திருக்கிறானே. லூர்தெஸ் என்னைப் பார்க்கிறாள், தட்டைப் பார்க்கிறாள், மகளைப் பார்க்கிறாள். அப்புறம் சோற்றுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஜெயித்துவிட்டேன், இல்லையா? கையைக் கழுவ எழுந்தேன். கை சுத்தமாகத்தான் இருந்தது, இருந்தாலும் ஒரு பழக்கம்.

வாஷ்பேசின் பக்கத்தில் மார்த்தா வந்து நின்றாள். இங்கிலீஷில்தான் பேசினாள், நல்ல இங்கிலீஷ், வினைச்சொல் எல்லாம் இடத்தில் இருந்தது. "நீங்கள் சாப்பிடாவிட்டால் என்ன அர்த்தம் என்று முகில் எனக்குச் சொல்லியிருக்கிறான்" என்றாள். "அம்மாவுக்கு நான் சொல்லவில்லை. நேற்றிலிருந்து சமைக்கிறாள். ஒரே ஒரு உதவி செய்யுங்கள். பிடிக்காதது என்னைத்தான், சாப்பாட்டை இல்லை என்று அவளிடம் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் உப்பு சரியில்லையோ, மீன் சரியில்லையோ என்று வருஷக்கணக்கில் யோசித்துக்கொண்டே இருப்பாள்."

அழவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும், எனக்கு அழுகிறவர்களைக் கண்டால் ஆகாது. டவலை மட்டும் மடித்து, விரித்து, மறுபடியும் மடித்து என் கையில் கொடுத்தாள்.

நான் அசைந்தேன் என்று நினைக்கிறீர்களா? இல்லவே இல்லை. அவள் கேட்டது நியாயமான கோரிக்கை. சமைத்தவளிடம் நாலு வார்த்தை நல்லதாகச் சொல்லிவிட்டு எழுந்திருப்பதுதான் நாகரிகம். அதற்காகத்தான் அடுப்படிக்குள் போனேன். அதற்காக மட்டும்தான்.

சின்ன அடுப்படி. அவள் சட்டியைத் திரும்ப அடுப்பில் வைத்து, முதுகைக் காட்டிக்கொண்டு கிண்டிக்கொண்டிருந்தாள். நான் கனைத்தேன். திரும்பினாள். கண்ணெல்லாம் சிவந்திருக்கிறது, வெங்காயம் எதுவும் பக்கத்தில் இல்லை. "இட் இஸ் நாட் தி ஃபுட்" என்று ஆரம்பித்தேன். என்ன புரிந்ததோ, சட்டியைக் காட்டுகிறாள், உப்பு ஜாடியைக் காட்டுகிறாள், விரல்களைக் குவித்து ஆட்டுகிறாள். உப்பா? உப்பா குறை? கரண்டியில் குழம்பை முகந்து என்னிடம் நீட்டுகிறாள்.

நீங்களே சொல்லுங்கள். கல்யாணம் ஆன நாளில் இருந்து ஒருத்தி கரண்டியை நீட்டினால் நாம் என்ன செய்வோம்? எச்சில் பண்ணாமல் உள்ளங்கையைக் குழித்து நீட்டுவோம். யோசித்தா நீட்டுகிறோம்? கொட்டாவி வந்தால் வாயைத் திறக்கிற மாதிரிதான் அது. என் கை தன்பாட்டுக்கு நீண்டது. அவளுக்கு முதலில் புரியவில்லை, கையில் ஊற்றவா என்று பார்த்தாள். ஆட்டிக் காட்டினேன், ஊற்று என்று. ஊற்றினாள். உறிஞ்சினேன்.

உப்பு பத்தவில்லை.

"உப்பு பத்தாது" என்றேன், தமிழிலேயே. ஜாடியில் இருந்து நானே அள்ளிப் போட்டேன். கிண்டினேன். அவள் மறுபடியும் கரண்டியை நீட்டினாள். மறுபடியும் கையை நீட்டினேன். போட்டவள் பார்க்க வேண்டாமா, சரியாகிவிட்டதா என்று? மூன்றாம் தடவை, காரம் கொஞ்சம் இருந்தால் தேவலை போல இருந்தது. மிளகாய் எங்கே என்று சைகையில் கேட்டேன், ஒரு சின்னச் சிவப்பு மிளகாயை எடுத்தாள், கிள்ளிப் போட்டேன், அதையும் பார்க்க வேண்டியிருந்தது. நாலாவது தடவை சோறும் கொஞ்சம் கையில் விழுந்துவிட்டது. மீன் துண்டு ஒன்றும். கீழே போடவா முடியும்?

"செம்பகம்."

வாசலில் என் வீட்டுக்காரர். அவருக்குப் பின்னால் முகிலன். அவனுக்குப் பின்னால் மார்த்தா, அவளுக்குப் பின்னால் ஷோர்ஜ், நொண்டிக்கொண்டு. நான் முழங்கை வரைக்கும் குழம்பு வழிய நிற்கிறேன்.

"கை நனைஞ்சுட்டு" என்றார் என் வீட்டுக்காரர்.

"உப்புப் பார்த்தேன். உப்புப் பார்த்தா சாப்பிட்டதா ஆகுமா?"

"வாயில மீன் இருக்கு."

"அது... மீனுக்கு உப்பு ஏறியிருக்கானு பார்க்க வேண்டாமா?"

அந்த மனுஷன் முப்பது வருஷமாக என்னிடம் ஒரு வாதத்திலும் ஜெயித்ததில்லை. அன்றைக்கும் ஜெயிக்கவில்லை. வாதமே பண்ணாமல் நேராக மேஜைக்குப் போய் மீன் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். முள்ளை மட்டும் தட்டோரத்தில் அடுக்கினார், அடுக்கினார், அடுக்கிக்கொண்டே இருந்தார்.

லூர்தெஸுக்கு ஒன்றும் தெரியாது. தன் பெண்ணுக்கு அன்றைக்கு என்ன நடந்தது என்று இன்றைக்கு வரைக்கும் அவளுக்குத் தெரியாது. உப்பு குறைந்தது, இந்த அம்மா சரி பண்ணினாள், அவ்வளவுதான் அவள் கணக்கு. சட்டியைத் தூக்கிக்கொண்டு வெற்றி ஊர்வலம் மாதிரி வெளியே வந்து, என் தட்டில் மலை மாதிரி வைத்தாள். கை ஏற்கெனவே அழுக்காகிவிட்டது. பாதியில் விட்டால் அது அவமரியாதை. சாப்பிட்டேன். வைத்தாள், சாப்பிட்டேன். ஆக்னஸ் சிஸ்டர் மட்டும் பார்த்திருந்தால்! முள்கரண்டியைத் தொடக்கூட இல்லை.

முகிலன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "அம்மா... அப்போ... சரியாம்மா?"

எதிரே மார்த்தா. கையில் ரொட்டியைப் பிடித்துக்கொண்டு, கடிக்காமல், என் வாயையே பார்க்கிறாள். அந்தப் பிள்ளையும் காலையில் இருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டாள் போலிருக்கிறது, முகம் அப்படி வாடிக் கிடக்கிறது. எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நேரத்துக்குச் சாப்பிடத் தெரிகிறதா? ஒரு சாளையை எடுத்து, முள்ளை உருவி, சதையை அவள் தட்டில் வைத்தேன்.

"முதல்ல அவளைச் சாப்பிடச் சொல்லுலே. ஆறுது."

இவ்வளவுதான் நான் சொன்னது. அந்தப் பயல் எழுந்து நின்று அழுகிறான். அவள் அழுகிறாள். ஷோர்ஜுக்கு எதுவுமே புரியவில்லை, அவரும் அழுகிறார். லூர்தெஸ் எல்லாருக்கும் இன்னும் சோறு போடுகிறாள்.

நாளை மறுநாள் தூத்துக்குடியில் கல்யாணம். அவர்கள் எல்லாரையும் விமான நிலையத்தில் போய்க் கூட்டிக்கொண்டு வரத்தான் நான் இப்போது சென்னைக்குப் போகிறேன். பத்திரிகையில் முதல் வரியிலேயே என் பெயரைப் போட்டிருக்கிறார்கள், செண்பகவல்லி தவமணி அன்புடன் அழைக்கிறார் என்று. லூர்தெஸுக்கு முகூர்த்தப் புடவை என்ன நிறம் என்பதில் இருந்து எல்லாம் என் தலையில்தான். செய்கிறேன். வேறு யார் செய்வார்கள்?

ஆனால் நீங்கள் முழுக் கதையையும் கேட்டீர்கள், நடுநிலையாகச் சொல்லுங்கள். இதில் எந்த இடத்தில் நான் சரி என்று சொன்னேன்?